ஜலதூதனும் ஒரு மிஸ்டு காலும்

புளியறவிளையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கொட்டாவி வரும்.

முதலில் ரத்னபாய் மாமி விடுவார். அது குடத்துக்குக் குடம் நகர்ந்து, வரிசையின் கடைசியில் நிற்கும் சோனாவிடம் வந்து சேரும். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் அங்கேயே நின்றுவிடும். எல்லாரும் வாயைத் திறந்தாயிற்று. குழாய் மட்டும் திறக்காது.

பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, மூச்சு வாங்க மேலே நடந்தால் வருவது புளியறவிளை. முழுக்கப் பாறை. கிணறு தோண்டினால் கடப்பாரைதான் தேயும். அந்த வருஷம் ஐப்பசியில் பெய்யும் துலா மழையும் ஏமாற்றிவிட்டது. மேட்டில் இருந்த ஆறு வீடுகளுக்கும் ஒரே ஒரு பொதுக்குழாய். மாலை நான்கிலிருந்து ஆறரைக்குள் எப்போதாவது வரும், அரைமணி நேரம் ஓடும், நின்றுவிடும்.

அந்தக் குழாயடிக்கு ஒரு சட்டம் உண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் தண்ணீர் வரும்போது குடத்தின் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத குடம் கடைசிக்குத் தள்ளப்படும். சட்டத்தைப் போட்டது யாரென்று தெரியாது. மீறினவரும் இல்லை.

சோனாவின் அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வேறு மாநிலத்தில் இருப்பார். அம்மா ஜெஸி பாறசாலையில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலை விரிக்கும் வேலை. வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடும். ஆகவே, குடத்தின் பக்கத்தில் நிற்கும் ஆள் சோனாதான். ஆறாம் வகுப்பு.

அதில் சோனாவுக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் கோ-கோ விஷயத்தில்தான்.

நெய்யாற்றின்கரையில் அடுத்த சனிக்கிழமை உபஜில்லா கோ-கோ போட்டி, சுற்றுவட்டப் பள்ளிகளுக்கெல்லாம். பயிற்சி தினமும் நான்கு முதல் ஐந்தரை வரை. அதே நேரத்தில்தான் குழாயும் தனக்குத் தோன்றியபோது வரும்.

"சோனா, நீ ஓடினா காத்தாக்கும்," என்றார் பி.டி. சார் பிரதீஷ். "ஆனா காத்து கிரவுண்டுக்கு வந்தாத்தானே பிள்ளே? அடுத்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் கொடுக்கணும். அடுத்த வாரம் மூணு நாளாவது வந்தியானா உனக்க பேரு உண்டு. இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும்."

மூன்று நாள். சோனா விரலை மடக்கிப் பார்த்தாள். மடக்குவதற்கே கை வலித்தது. முந்தின நாள் தூக்கிய குடங்கள்.

பக்கத்து வீட்டு பிரசீதாக்காவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலை ரயிலில் நின்றுகொண்டு போவாள், மாலை ரயிலில் நின்றுகொண்டு வருவாள். நடுவில் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் நாலு ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தை விட்டு ஊருக்காக ஒரு வலைப்பக்கம் செய்து வைத்திருந்தாள்.

"இதில என்ன உண்டு அக்கா?" என்று சோனா எட்டிப் பார்த்தாள். அக்கா கையில் கொடுத்த போனில் வெறும் வெள்ளைத் திரை. நடுவில் 'இன்னும் இல்லை' என்று எழுதியிருந்தது.

"இப்பப் பாரு," என்று பிரசீதா தன் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

'டொக்' என்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே சோனாவின் கையிலிருந்த போன் முழுக்க நீலமானது. 'வருகிறது' என்றது.

"நான் ஒண்ணும் அமுக்கலியே அக்கா."

"அமுக்க வேண்டாம். சாதாரண பேஜுன்னா நீ போய் 'வந்துதா'ன்னு கேக்கணும். இல்லேன்னு சொல்லும். திரும்பப் போய்க் கேக்கணும். கேட்டுக் கேட்டே நீ தளர்ந்துபோவே."

"நாங்க பைப்புக்க முன்னால நிக்கியது மாதிரி."

"அதேதான். இது வேற மாதிரி. உனக்க கையில உள்ள போனுக்கும் எனக்க சர்வருக்கும் நடுவில ஒரு குழாய் திறந்தே கிடக்கும். இங்க ஒண்ணு போட்டா, கேக்காமலே எல்லாருக்க போன்லயும் அந்த நிமிஷமே போய் விழும். நெட்டு போனா குழாய் அறுந்துபோவும். நெட்டு வந்தா தானே ஒட்டிக்கும்."

"சர்வர்னா?"

"எங்கேயோ ஒறங்காம முழிச்சிருக்கிய ஒரு கம்ப்யூட்டர்."

"பாவம்," என்றாள் சோனா.

பிரசீதா சிரித்தாள். சிரிப்பின் பாதியில் கொட்டாவி வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை அப்படியே விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊருக்கு ஒரு குடிநீர் கமிட்டி இருந்தது. கமிட்டிக்கு ஒரு கன்வீனர் இருந்தார்.

கன்வீனர் ஜெயதாஸ் சார் ஏதோ ஓர் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ்தான் அவரை விட்டது. அவர் ஆபீஸை விடவில்லை. சட்டைப் பையில் இன்றும் மூன்று நிறத்தில் பேனா. வீட்டில் மீன் வாங்குவதென்றாலும் முதலில் விவரம் எழுத்தில் வர வேண்டும்.

"வெறும் 'வருகிறது' என்றால் போதாது," என்றார் அவர். "யார் சொல்லுகிறது? எந்த அதிகாரத்தில் சொல்லுகிறது? ஒரு பெயர் வேண்டும். ஒரு வாழ்த்து வேண்டும். இரண்டு பாஷையிலும் வேண்டும்."

பெயர் 'ஜலதூதன்' என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் திறப்புவிழா. வாசலில் கட்டிய பேனரில் ஜெயதாஸ் சாரின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. ஓரத்தில் ஒரு குழாயும் இருந்தது. அது அவருடைய காதைவிடச் சிறியது.

அவர் ஐம்பது நிமிஷம் பேசினார். ஒவ்வொரு துளியின் அருமையையும் தனித்தனியாக எடுத்துச் சொன்னார். நடுவில் எழுந்துபோவது மரியாதை இல்லை என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டிவிட்டு மேட்டுக்கு வந்து பார்த்தபோது குழாயடி ஈரமாக இருந்தது. தண்ணீர் வந்து, ஆளில்லாத குடங்களைப் பார்த்துவிட்டு, போய்விட்டிருந்தது.

"தொடக்கமே ஐஸ்வரியமாட்டு இருக்கு," என்றார் ரத்னபாய் மாமி, வெறும் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே.

திங்கட்கிழமை சோனா குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மாலையில் பிரதீஷ் சாரின் போனில் ஜலதூதனைத் திறந்து, மைதானத்து பெஞ்சில் சாய்த்து வைத்தாள். ஓடும்போதெல்லாம் ஒரு கண் பெஞ்சில் இருந்தது. வெள்ளை. வெள்ளை. ஐந்தரைக்கும் வெள்ளைதான்.

"இண்ணைக்குப் பொறவுதான் வரும் போல," என்று சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினாள்.

அவளுடைய மூன்று குடங்களும் வரிசையின் கடைசியில் இருந்தன. தரை ஈரமாக இருந்தது.

"நாலரைக்கே வந்துது மக்கா," என்றார் ரத்னபாய் மாமி. "அஞ்சு மணிக்கு நிண்ணும் போச்சு. எங்க போய்க் கிடந்தே?"

அம்மா ஏழரைக்கு வந்தாள். வெறும் குடங்களைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குடத்தைத் தானும் ஒன்றைச் சோனாவுமாக எடுத்து, கீழ்ரோட்டுக் கிணற்றுக்கு இறங்கினாள். திட்டியிருந்தால் சோனாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பாதி மேடு ஏறும்போது அம்மாவின் போன் 'டொக்' என்றது. ஜெயதாஸ் சாரின் முகம் தெரிந்தது. அதன் கீழே தமிழில் ஒரு வாழ்த்து, மலையாளத்தில் ஒரு வாழ்த்து. எல்லாவற்றுக்கும் கீழே: 'தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.'

மணி ஏழு ஐம்பது.

"வந்துகொண்டுதான் இருக்கு," என்றாள் அம்மா, தலையில் குடத்துடன். "நான்தானே கொண்டு வாறேன்."

பிரசீதாக்கா அப்போதுதான் ரயில் இறங்கி வந்திருந்தாள். சோனா கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள்.

"எனக்க குழாயில குத்தம் ஒண்ணும் இல்ல மக்கா. போட்டா அந்த நிமிஷமே வந்து விழும். போடுகியதுக்குத்தான் ஒரு நாளாவுது. செல்லசாமி மாமா வால்வு திறந்தா ஆறு கட்டம் உள்ள ஒரு ஃபாரம் எழுதணும். அதை சாருக்க வீட்டில கொடுக்கணும். சாரு அஞ்சு மணி வரை ஒறக்கம். எழும்பிச் சாயா குடிச்சு, ஃபாரத்தைத் திருத்தி, புதுசா வாழ்த்து எழுதி, எந்தப் போட்டோ போடலாம்னு பாத்து, பொறவு பொத்தானை அமுக்குவாரு."

"நிங்க சொல்லப்பிடாதா?"

"சொன்னேன். எழுத்தில கேட்டாரு. எழுதித் தரணும்னா நான் எப்ப ஒறங்கியது?"

சோனாவுக்கு ஒன்று தோன்றியது. தண்ணீர் எப்போது வருமென்று கண்டுபிடிக்க இத்தனை பேர் பாடுபடுகிறார்கள். தண்ணீரைத் திறந்துவிடுகிறவரிடம் யாராவது போய்ப் பேசினார்களா?

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. நேரே கீழ்ரோட்டு வளைவுக்குப் போனாள். அங்கே ஒரு பலாமரத்தடியில் செல்லசாமி மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வால்வுக் குழி. மடியில் வால்வு திருகும் நீள இரும்புச் சாவி. அவளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பன்னு மட்டும் கேக்காதே பிள்ளே. மோட்டாருக்குக் கரண்டு பத்தல. டாங்கு நெறஞ்சாத்தான் திறக்க முடியும். எனக்கே தெரியாதாக்கும்."

"நான் கேக்கல்ல மாமா," என்றாள் சோனா. அவருடைய உதடு வெடித்துக் கிடந்தது. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். கால் பாட்டில்தான் இருந்தது.

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இரண்டாவதையும் திறந்தார். வாங்கி அண்ணாந்து குடித்தார்.

"அஞ்சு வருஷமாச்சு இந்தச் சாவியப் பிடிச்சு. எனக்குக் குடிக்க வெள்ளம் தந்த முதல் ஆளு நீயாக்கும். பாக்கியெல்லாரும் ஏச்சுதான் தந்திருக்கு." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பட்டன் போனை எடுத்துக் காட்டினார். அணைந்து கிடந்தது. "இந்த வால்வுக்க கீழயும் மேலயுமாட்டு உள்ள நாப்பது வீட்டிலிருந்தும் விளிப்பாங்க. எடுத்துப் பேசினா வால்வு திருக முடியாது. வால்வு திருகினா பேச முடியாது. அதுனால ஆஃப் பண்ணியாச்சு."

"ஃபாரம்?"

இன்னொரு பையிலிருந்து ஈரமான காகிதங்கள் வந்தன. "இதில 'மேற்படி வால்வின் தற்போதைய நிலை'ன்னு ஒரு கட்டம் உண்டு. 'திறந்து கிடக்கு'ன்னு எழுதினேன். தெளிவில்லைன்னு சாரு திருப்பி அனுப்பினாரு. அதுக்குள்ள வெள்ளம் தீந்து வால்வ அடைச்சாச்சு. 'அடைச்சாச்சு'ன்னு எழுதினேன். ரெண்டும் ஒத்துவரல்லேன்னு விளக்கம் கேட்டாரு."

சோனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் உதடு வெடித்திருந்ததால் தோளைக் குலுக்க மட்டுமே முடிந்தது.

"மாமா, வீட்டுக்குப் போவ நேரமாச்சுன்னா வீட்டில இருக்கிய மாமிக்கிட்ட எப்படிச் சொல்லுவிய?"

"என்னத்தச் சொல்லியது? மிஸ்டு கால். ஒண்ணு அடிச்சா இதோ வாறேன். ரெண்டு அடிச்சா நேரமாவும், நீ சாப்பிடு. இருபது வருஷமா அவ்வளவுதான். சண்டை வந்ததில்ல."

அப்போது மேலேயிருந்து யாரோ விசில் அடித்தார்கள். டாங்க் நிறைந்துவிட்டது. செல்லசாமி மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாவியைக் குழிக்குள் இறக்கித் திருகினார். கீழே தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

சோனா மாமாவின் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு ஓடினாள். மேடு முழுக்க நிற்காமல் ஓடினாள். குழாயடிக்கு வந்து சேர்ந்தபோது குழாய் இன்னும் காய்ந்துதான் கிடந்தது. ரத்னபாய் மாமி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சோனா மூச்சு வாங்கி முடித்து, குடத்தைக் கழுவி முடித்த பிறகுதான் குழாய் இருமியது, தண்ணீர் வந்தது.

மாமியின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வால்வு திறந்து கால்மணி நேரம். மைதானத்திலிருந்து இங்கே ஓடிவர எட்டு நிமிஷம்.

சோனா விரல் மடக்காமலே கணக்குப் போட்டாள்.

அன்று மாலை சோனா போனபோது, ஜெயதாஸ் சார் தன் வீட்டு மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன.

"சார், என்ன செய்யுதிய?"

"நாளைய வாழ்த்து." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "'அன்புடையீர்' போட்டாயிற்று. 'பேரன்புடையீர்' போட்டாயிற்று. இனி என்ன போடுவது? தினமும் இரண்டு பாஷையில். ஒரு ஆள் எவ்வளவுதான் வாழ்த்துவது?"

சோனா முதல்முறையாக அவருடைய கண்ணைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்த ஊரில் தண்ணீரால் களைக்காதவர் யாருமே இல்லை போலிருக்கிறது.

"சார், வாழ்த்தைச் சாவகாசமா எழுதினா நல்லா வருமே. வெள்ளம்தான் அவசரமாட்டு வருது. வாழ்த்துக்கு என்ன அவசரம்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"செல்லசாமி மாமாக்கிட்ட கேட்டாச்சு, வால்வு திறந்ததும் ஒரு மிஸ்டு கால் அடிப்பாரு. பேஜு தானே நீலமாயிரும். வாழ்த்துக்குன்னு கீழே தனியா ஒரு எடம் போட்டுத் தரப் பிரசீதாக்காக்கிட்ட சொல்லுதேன். தோணும்போது எழுதுங்க. தோணல்லேன்னா ஒறங்குங்க."

'ஒறங்குங்க' என்ற சொல் அவரை எங்கேயோ தொட்டது. ஆனாலும் சூப்பிரண்டு சூப்பிரண்டுதான்.

"பரிசோதனை அடிப்படையில்," என்றார் அவர், சிவப்புப் பேனாவை எடுத்து. "தற்காலிகமாக. ஒரு வாரத்துக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகைகளின் மேலேயே தலையைச் சாய்த்தார். சோனா விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

பிரசீதாக்கா கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாலு ஞாயிறு இருந்து யோசிச்சேன். இது தோணல்லியே எனக்கு." திரை உடைந்த பழைய போன் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தாள். "இது இங்கேயே சார்ஜில கிடக்கட்டு. மாமாக்க நம்பர்லேருந்து மிஸ்டு கால் வந்தா இது சர்வரைத் தட்டும். சர்வர் எல்லாரையும் தட்டும். வேற யாரு விளிச்சாலும் அசையாது."

புதன்கிழமை. மைதானத்து பெஞ்சில் பிரதீஷ் சாரின் போன். நாலு முப்பதுக்கு வெள்ளை. நாலு ஐம்பதுக்கு வெள்ளை. சோனா குனிந்து, நெளிந்து, மூன்று பேருக்கு நடுவே புகுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

'டொக்.'

"பிள்ளே, நீலம்," என்றார் சார்.

சோனா ஓடிய திசையிலேயே மைதானத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மேட்டில் ஏறினாள். துரத்திக்கொண்டிருந்த பிள்ளை கேட் வரை வந்துவிட்டு, இது ஆட்டத்தில் சேர்த்தியா என்று தெரியாமல் நின்றது.

குடத்தின் பக்கத்தில் போய் நின்று, அவள் ஏழு நிமிஷம் மூச்சு வாங்கிய பிறகு தண்ணீர் வந்தது. வரிசையில் மற்றவர்களும் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ரத்னபாய் மாமி அதுவரை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாராம். கொட்டாவிக்கு அன்று வேலை இல்லை.

ஏழரைக்கு அம்மா வந்தாள். மூன்று குடமும் மூடி வைத்திருந்தது. சேலைத் தலைப்பைச் செருகப் போன கை நின்றது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நீலம் வந்தது. வெள்ளிக்கிழமை லிஸ்டில் மூன்றாவது பெயர் சோனா.

செல்லசாமி மாமாவும் இப்போது மிஸ்டு கால் அடித்த பிறகு போனை அணைப்பதில்லை. யாரும் விளிப்பதில்லை. அதனால் அவருக்கு ஒரு சந்தேகம். "போன் கேடாயிட்டோ?" என்று சோனாவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்.

சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் போட்டி. காலையில் குடங்களை வரிசையில் வைக்கும்போதே சோனாவுக்குத் தெரியும், இன்று பக்கத்தில் நிற்க ஆள் இல்லை என்று. அம்மாவுக்குச் சனிக்கிழமை கடையில் கூட்டம். திரும்பி வந்து கீழ்ரோட்டுக் கிணற்றுக்குப் போக வேண்டியதுதான். அதை நினைத்துக்கொண்டேதான் ஆட்டத்தில் இறங்கினாள்.

மாலையில் கடைசி ஆட்டம். சோனா களத்தில். வெளியே பிரதீஷ் சாரின் பையிலிருந்து 'டொக்' என்று கேட்டது.

மூளை நினைப்பதற்குள் கால் ஓடிவிட்டது. பின்னால் வந்த பிள்ளைக்கு அவளுடைய பின்னல்கூடக் கையில் சிக்கவில்லை. கேட் வரை போகாமல் திரும்பியது மட்டும்தான் சோனா யோசித்துச் செய்த காரியம்.

இரண்டாம் இடம் கிடைத்தது. ஆளுக்கொரு சின்னக் கோப்பை.

பாறசாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபோது உடம்பில் வலிக்காத இடம் இல்லை. இனி மூன்று குடம் வேறு. அப்போது சாரின் போன் இன்னொரு முறை 'டொக்' என்றது.

"உனக்க ஜலதூதன்தான். என்னவோ கீழே எழுதியிருக்கு, பாரு," என்று சார் போனை நீட்டினார்.

சோனா பக்கத்தைக் கீழே தள்ளினாள். இதுவரை யாரும் போகாத இடம் அது. அங்கே ஜெயதாஸ் சாரின் முகம் இல்லை. அன்புடையீர் இல்லை. இரண்டாவது பாஷை இல்லை. ஒரே ஒரு வரி, மிகவும் அவசரமாக எழுதியது:

'சோனாக்க மூணு குடமும் நெறஞ்சாச்சு. நான் பக்கத்திலேயே நிண்ணேன். சட்டப்பிரகாரம் சரியாக்கும். - கன்வீனர்.'

சோனா அதை இரண்டு முறை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டுவதற்குள் உறங்கிப்போனாள்.